ஆராதனைக் குழுவின் பாட்டுகள் டேப்லெட்டில்: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

டேப்லெட்டுக்கு மாறலாம் என்று ஒரு சபையின் இசைக்குழு பேச ஆரம்பித்தால், பேச்சு உடனே ஐபேடா ஆண்ட்ராய்டா என்பதில் போய் நிற்கும். என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, உங்கள் குழுவினர் எதைப் பார்த்து வாசிக்கிறார்கள் என்பது. வரிகளின் மேல் கார்ட் (சேர்த்து வாசிக்கும் சுரங்களின் பெயர்) எழுதிய தாளையா, ஐந்து கோட்டு ஸ்டாஃப் நொட்டேஷனையா, வெறும் வரிகளையா? இரண்டாவது, வாராவாரம் பாட்டுகளைத் தயார் செய்து எல்லோர் கையிலும் சேர்க்கப்போவது யார்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கருவியும் ஆப்பும் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். பதில் இல்லாமல் வாங்கினால், ஆளுக்கொரு டேப்லெட், ஆளுக்கொரு ஆப், ஒரே பாட்டுக்கு ஐந்து வடிவம் என்று நிலைமை ஃபோல்டர் காலத்தைவிட மோசமாகும்.

ஆகவே பாட்டின் வடிவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

தாள் ஃபோல்டர்: யார் அதிலேயே இருக்கலாம்

தாளுக்கு சார்ஜ் போட வேண்டாம். கீழே விழுந்தால் உடையாது. பிராக்டிஸ் நடுவே "இந்தச் சரணத்தில் டிரம்ஸ் வேண்டாம்" என்று பென்சிலால் எழுத இரண்டு நொடி போதும். குழுவில் மூன்று நான்கு பேர்தான், எப்போதும் பாடுவது பழகிய பாட்டுகள்தான், ஸ்கேலை (பாட்டின் சுருதியை) மாற்றுகிற வழக்கமும் இல்லை என்றால், அந்தக் குழு ஃபோல்டரிலேயே இருக்கலாம். அவர்களுக்கு டேப்லெட்டால் பெரிய லாபம் இல்லை.

பாட்டுகள் பெருகும்போதுதான் தாள் தடுமாறும். இருநூறு பாட்டு, எட்டுப் பேர் என்றால் ஆயிரத்து அறுநூறு தாள். ஒரு பாட்டில் ஒரு கார்டைத் திருத்தினால் எட்டு ஃபோல்டரிலும் திருத்த வேண்டும், ஆனால் ஏழில்தான் திருத்தியிருப்பார்கள். எட்டாவது ஆள் பழைய கார்டையே வாசிப்பார், தவறு அவருடையது இல்லை. ஆண் குரலுக்கு ஒரு ஸ்கேல், பெண் குரலுக்கு ஒரு ஸ்கேல் என்று ஒரே பாட்டை இரண்டு விதமாக வைத்திருக்கும் குழுக்களில் இது இரட்டிப்பாகும்.

பிடிஎஃபா, எழுத்துக் கோப்பா?

டேப்லெட்டில் பாட்டை வைக்க அடிப்படையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தாளை அப்படியே படமாக வைத்திருக்கும் பிடிஎஃப். மற்றொன்று, வரியும் கார்டும் எழுத்தாகவே இருக்கும் கோப்பு. இரண்டாவது வகையில் பரவலாக இருப்பது கார்ட்புரோ என்ற வடிவம். 1990-களின் தொடக்கத்தில் பாட்டுத்தாள் அச்சடிக்க உருவான எளிய முறை அது. வரியின் நடுவே, எந்த எழுத்தில் கார்ட் மாறுகிறதோ அதற்கு முன்னால் சதுர அடைப்புக்குள் கார்டின் பெயரை எழுத வேண்டும், அவ்வளவுதான். திரையில் காட்டும்போது ஆப் அந்தக் கார்டை எடுத்து வரியின் மேலே வைத்துவிடும். தலைப்பு, ஸ்கேல், கேப்போ (கிட்டார் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) எந்த ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தின் கட்டத்தில்) என்பதையெல்லாம் கோப்பின் தலையிலேயே குறித்துவைக்கலாம்.

இந்த வேறுபாடு எங்கே உறைக்கும் என்றால், ஸ்கேல் மாற்றும்போது. ஆராதனை தொடங்க இருபது நிமிடம் இருக்கிறது, பாடுபவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, டி ஸ்கேலில் உள்ள பாட்டை சி-க்கு இறக்கலாமா என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளில் டி, ஏ, பி மைனர், ஜி என்று இருக்கிறது. பிடிஎஃப் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு கார்டையும் மனதுக்குள் சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று மாற்றிக்கொண்டே வாசிக்க வேண்டும். பழகியவருக்கு இந்த நான்கு கார்டும் ஒன்றுமில்லை. ஆனால் இன்டர்லூடில் எஃப் ஷார்ப் பேஸோடு (அடிச் சுரத்தோடு) ஒரு டி வரும், அது ஈ பேஸோடு சி ஆக வேண்டும், அங்கேதான் பேஸ் கிட்டார் ஒரு பக்கமும் கீபோர்ட் ஒரு பக்கமும் போகும். எழுத்துக் கோப்பு வைத்திருக்கும் குழுவில் இரண்டு படி (ஒரு படி என்பது கீபோர்டில் அடுத்த கட்டை) இறக்கு என்று திரையில் தொட்டால் போதும், அந்த ஈ பேஸ் வரை எல்லாம் மாறிவிடும்.

இன்னும் ஒரு படி மேலே, ஆளுக்கு ஏற்றபடியும் அது மாறும். பாட்டு பி ஃப்ளாட்டில் என்றால், கிட்டார்காரர் மூன்றாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டு ஜி வடிவ கார்டுகளைப் பிடிப்பார். அவர் திரையில் ஜி தெரிய வேண்டும், பேஸ் கிட்டார்காரர் திரையில் பி ஃப்ளாட்டே தெரிய வேண்டும். பி ஃப்ளாட் ட்ரம்பெட் வாசிப்பவர் இருந்தால் அவருக்கு எல்லாம் இரண்டு படி மேலே தெரிய வேண்டும், குழு சி-யில் பாடினால் அவர் வாசிப்பது டி. ஒரே கோப்பிலிருந்து நான்கு பேருக்கு நான்கு விதமாகக் காட்ட எழுத்துக் கோப்பால்தான் முடியும்.

கீபோர்ட் வாசிப்பவர் விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. பலர் விரல் பழகிய ஸ்கேலிலேயே வாசித்துவிட்டு, கீபோர்டில் உள்ள டிரான்ஸ்போஸ் பட்டனை மைனஸ் இரண்டு என்று வைத்துக்கொள்வார்கள். அவர் டேப்லெட்டும் இரண்டு படி இறக்கிக் காட்டினால், கேட்கும் ஒலி நான்கு படி இறங்கிவிடும். டேப்லெட்டில் மாற்றுவதா, கீபோர்டில் மாற்றுவதா என்று அவர் ஒன்றை முடிவு செய்து, எப்போதும் அதையே செய்ய வேண்டும். இதை முதல் பிராக்டிஸிலேயே பேசித் தீர்த்துவிடுங்கள்.

அப்படியானால் பிடிஎஃப் வேண்டாமா என்றால், அதுவும் இல்லை. நான்கு குரல் பாமாலை, பியானோவுக்கு முழுதாக எழுதிய இசை, வயலின் பகுதி எல்லாம் நொட்டேஷன். அதற்குப் பிடிஎஃப்தான் இயல்பான வீடு. கையெழுத்தில் ஒரு மூத்த இசைக் கலைஞர் எழுதிக்கொடுத்த தாளைக்கூட நன்றாக ஸ்கேன் செய்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஸ்கேன் செய்யும்போது 300 டிபிஐ வைத்து, ஓரத்து வெள்ளையை வெட்டிவிடுங்கள். அந்த வெட்டு எவ்வளவு முக்கியம் என்பதைத் திரை அளவு பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

தமிழ்ப் பாட்டுகளில் வரும் சிக்கல்கள்

ஆப்களைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் இதைத் தொடுவதே இல்லை. ஆனால் நம் குழுக்களில் முதல் வாரமே தலைகாட்டுவது இதுதான்.

சபைகளின் கணினியில் பல ஆண்டுகளாகச் சேர்ந்துள்ள பாட்டுகள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவையாக இருக்கும். அவற்றை அப்படியே ஆப்பில் ஒட்டினால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இதற்கு இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது உண்டு.

அப்புறம், கார்டை வைக்கும் இடம். முழு எழுத்துக்கு முன்னால்தான் அடைப்புக்குறி வர வேண்டும். "கொ" என்ற எழுத்தில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் நடுவே தெரியாமல் அடைப்புக்குறி போட்டுவிட்டால், எழுத்து உடைந்து, குறி தனியாக ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்கும். கார்டின் பெயர் நீளமாகவும் அதன் கீழ் உள்ள எழுத்து சின்னதாகவும் இருந்தால், பல ஆப்கள் சொல்லின் நடுவே இடைவெளி விட்டுவிடும். பாடுபவர் அதை இரண்டு சொல்லாக வாசிப்பார். அப்படிப்பட்ட இடத்தில் கார்டை ஓர் எழுத்து முன்னால் தள்ளிப்பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

தேடலும் அப்படித்தான். ஒருவர் "இயேசு" என்று தட்டச்சு செய்திருப்பார், மற்றவர் "ஏசு" என்று தேடுவார், இன்னொருவர் "யேசு" என்பார். தோத்திரம், ஸ்தோத்திரம் என்பதிலும் இதே கதை. பாட்டின் பெயருக்கு முதல் வரியையே வையுங்கள், பாட்டுப் புத்தக எண் இருந்தால் அதையும் சேருங்கள். எண்ணை வைத்துத் தேடினால் எழுத்து வேறுபாடு குறுக்கே வராது. தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத இளையவர்கள் குழுவில் இருந்தால், ஆங்கில எழுத்தில் எழுதிய வரிகளைத் தனிக் கோப்பாக வைக்காமல், அதே கோப்பில் ஒவ்வொரு சரணத்துக்கும் கீழே வைப்பது நல்லது. தனிக் கோப்பாக வைத்தால் ஒன்றைத் திருத்துவோம், மற்றதை விட்டுவிடுவோம்.

எந்த ஆப்பாக இருந்தாலும், பணம் கட்டும் முன் உங்கள் பாட்டுகளில் மிக நீளமான ஒன்றைத் தமிழில் ஏற்றி, ஸ்கேலை மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, அச்சுக்கு அனுப்பிப் பாருங்கள். திரையில் சரியாகத் தெரிந்து, அச்சில் மட்டும் தமிழ் உடைவது உண்டு.

ஆப்கள்: நான்கு வகை

முதல் வகை, எந்த இசை ஆப்பும் இல்லாமல் பொதுவான ஒரு இணையச் சேமிப்பில் பிடிஎஃப்களைப் போட்டுவைத்து, டேப்லெட்டில் உள்ள சாதாரண பிடிஎஃப் ஆப்பில் திறப்பது. செலவில்லை. பழகிப் பார்க்க இது போதும். ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்குப் போக, கோப்பை மூடி, பட்டியலில் தேடி, திறக்க வேண்டும். ஜெபத்தின் முடிவில் மெதுவாக அடுத்த பாட்டுக்குள் நுழைய வேண்டிய நேரத்தில் இதைச் செய்துகொண்டிருக்க முடியாது. நீண்ட நாளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது வகை, நொட்டேஷனுக்கென்றே உருவான பிடிஎஃப் ஆப்கள். ஆப்பிள் பக்கம் ஃபோர்ஸ்கோர், ஆண்ட்ராய்ட் பக்கம் மொபைல்ஷீட்ஸ். ஃபோர்ஸ்கோர் ஆண்ட்ராய்டில் கிடையாது. மொபைல்ஷீட்ஸ் ஆண்ட்ராய்டில் தொடங்கி விண்டோஸுக்கும் பிறகு ஆப்பிளுக்கும் வந்துவிட்டது. இரண்டிலும் செட்லிஸ்ட் (அன்றைய பாட்டு வரிசை) போடலாம், பேனாவால் குறிப்பு எழுதலாம், பாதிப் பக்கம் மட்டும் புரட்டலாம். இந்தப் பாதிப் புரட்டல் அருமையான வசதி. பக்கத்தின் கீழ்ப் பாதியை வாசித்துக்கொண்டிருக்கும்போது, மேல் பாதியில் அடுத்த பக்கத்தின் தொடக்கம் வந்து காத்திருக்கும். பியானோ, ஆர்கன் வாசிப்பவர்களும் பாடகர் குழுவும் இந்த வகையைத் தாண்டி எதையும் தேட வேண்டியதில்லை.

மூன்றாவது வகை, எழுத்துக் கோப்பை வைத்து வேலை செய்பவை. ஆன்சாங், சாங்புக்புரோ இரண்டும் பெயர் பெற்றவை. ஆன்சாங் ஆப்பிள் கருவிகளுக்காக உருவானது, வசதிகள் ஏராளம், அதனாலேயே புதியவருக்குச் சற்றுக் குழப்பம். சாங்புக்புரோ எளிமையானது, ஆண்ட்ராய்ட், ஆப்பிள், விண்டோஸ் மூன்றிலும் ஓடும். ஆளுக்கொரு கருவி வைத்திருக்கும் குழுவில் இந்த ஒரு குணமே முடிவைத் தீர்மானித்துவிடும் என்பது என் கருத்து. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் டேப்லெட்டை ஒருவர் கொண்டுவர முடிகிறது என்றால், சபை புதிதாக வாங்க வேண்டிய எண்ணிக்கை குறையும். இந்த ஆப்களில் பிடிஎஃபையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஸ்கேன் செய்த பிடிஎஃபுக்கு ஸ்கேல் மாறாது.

நான்காவது, குழுவையே நிர்வகிக்கும் சேவைகள். பிளானிங் சென்டர் இதில் பரவலாகத் தெரிந்தது. யார் எந்த வாரம் வாசிக்கிறார்கள், அன்றைய பாட்டு வரிசை என்ன, எந்த ஸ்கேல், கேட்டுப் பழக வேண்டிய ஒலிப்பதிவு எது என்று எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்து, அழைப்பும் அனுப்பிவிடும். அதோடு இணைந்த மியூசிக் ஸ்டாண்ட் என்ற ஆப்பில் அன்றைய பாட்டுகள் தாமாகவே வரிசையாக வந்து நிற்கும். மாதச் சந்தா உண்டு. இருபது முப்பது பேர் சுழற்சி முறையில் வாசிக்கும் சபைக்கு இது பெரிய நிம்மதி. ஐந்து பேர் எல்லா வாரமும் வாசிக்கும் சபைக்கு, இதில் விவரங்களை நிரப்புகிற வேலைதான் கூடும்.

திரை அளவு

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்பது பயன்படும். ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 உயரம். 10.9 அங்குல ஐபேடின் திரை ஏறக்குறைய 158 அகலம், 227 உயரம். அதாவது ஏ4 பக்கம் அதில் முக்கால் அளவுக்குச் சுருங்கும். தாளில் 12 பாயிண்ட் எழுத்து, திரையில் 9 பாயிண்ட் ஆகிவிடும். கையில் பிடித்து வாசிக்கலாம், ஸ்டாண்டில் வைத்து நின்றுகொண்டு வாசிக்க முடியாது. 12.9 அங்குல ஐபேடில் திரை ஏறக்குறைய 197-க்கு 263. அதில் பக்கம் 88 சதவீத அளவில் தெரியும், ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டால் கிட்டத்தட்ட தாளின் அளவே வந்துவிடும். நொட்டேஷன் வாசிப்பவருக்கு 13 அங்குலத்தை ஒட்டிய திரைதான் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எழுத்துக் கோப்பு வாசிப்பவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. எழுத்தின் அளவை விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம், வரி தானாக மடங்கும். 10, 11 அங்குலம் தாராளமாகப் போதும். ஆண்ட்ராய்ட் டேப்லெட்களில் பல 16-க்கு 10 என்ற விகிதத்தில், நிமிர்த்திப் பிடித்தால் ஒல்லியாக இருக்கும். பிடிஎஃப் பக்கத்துக்கு அது பொருந்தாது, மேலும் கீழும் இடம் வீணாகும். ஆனால் கார்ட் தாளுக்கு அந்த நீளம் நல்லது, ஒரு முழுப் பாட்டும் ஒரே திரையில் அடங்க வாய்ப்பு அதிகம்.

காகிதம் போன்ற இ-இங்க் திரை கொண்ட டேப்லெட்களும் 13.3 அங்குலத்தில் கிடைக்கின்றன. கண்ணுக்கு இதமானவை, வெயிலில் அச்சடித்த தாள் போலவே தெரியும். திறந்தவெளிக் கூட்டங்களில் அடிக்கடி வாசிக்கும் குழுவுக்கு இதை யோசிக்கலாம், ஏனென்றால் சாதாரண டேப்லெட்கள் நேர் வெயிலில் சூடேறி அணைந்துவிடும். ஐபேடைச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் வரைதான் பயன்படுத்தலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. ஆனால் இ-இங்க் திரையில் பக்கம் புரள்வது மெதுவாக இருக்கும், பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைதான், தன் விளக்கு இல்லாத மாடல் என்றால் மங்கலான மேடையில் தனியாக ஒரு சின்ன விளக்கு மாட்ட வேண்டும். நொட்டேஷன் வாசிக்கும் ஒருவருக்கு வாங்கலாம், முழுக் குழுவுக்கும் வேண்டாம்.

பக்கம் புரட்டுவது

தமிழ்க் கீர்த்தனைகளில் ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். பல்லவி முதல் பக்கத்தில், மூன்றாம் சரணம் இரண்டாம் பக்கத்தில் என்றால், ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் போய்வர வேண்டியிருக்கும். தாளில் இரண்டு பக்கத்தையும் விரித்து வைத்துக்கொள்வோம், டேப்லெட்டில் ஒன்றுதான் தெரியும். டேப்லெட்டுக்கு மாறியவர்கள் முதலில் சலித்துக்கொள்வது இதற்காகத்தான்.

பிடிஎஃப் என்றால் ஃபோர்ஸ்கோரில் பக்கத்தின் மேல் ஓர் இணைப்புப் புள்ளியை வைக்கலாம். சரணத்தின் முடிவில் அதைத் தொட்டால் நேராகப் பல்லவிக்குக் கொண்டுபோகும். மொபைல்ஷீட்ஸிலும் இது உண்டு. எழுத்துக் கோப்பு என்றால் இன்னும் எளிது. பல்லவியின் கார்டுகள் குழுவுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும் என்பதால், சரணத்தின் கீழே "பல்லவி" என்று ஒரு சொல் போதும். எழுத்தளவைக் கொஞ்சம் குறைத்து, முழுப் பாட்டையும் ஒரே திரையில் அடக்கிவிட்டால் புரட்டும் வேலையே இல்லை. எழுத்துக் கோப்புகளைத் தயாரிப்பவர் ஒரு பாட்டு ஒரு திரை என்பதையே குறிக்கோளாக வைத்துக்கொள்ளட்டும்.

புரட்டியே ஆக வேண்டும் என்றால் புளூடூத் பெடல். ஏர்டர்ன், பேஜ்ஃபிலிப் போன்ற நிறுவனங்களின் பெடல்கள் டேப்லெட்டுக்குத் தம்மை ஒரு தட்டச்சுப் பலகையாகக் காட்டிக்கொண்டு, அம்புக்குறி விசையை அழுத்துவது போன்ற சைகையை அனுப்பும். அதனால் எல்லா ஆப்களிலும் அநேகமாக வேலை செய்யும். பெடல் இணைந்திருக்கும்போது திரையில் எழுத்துப் பலகை வராமல் போகலாம், பயந்துவிட வேண்டாம். பியானோ, ஆர்கன், வயலின் வாசிப்பவர்களுக்கு இது செலவுக்கு மதிப்பான பொருள். கீபோர்டுக்குக் கீழே வலது காலில் சஸ்டெயின் பெடல் இருப்பதால் இதை இடது பக்கம் வைக்க வேண்டும். டிரம்ஸ் வாசிப்பவருக்கு இரண்டு காலுக்கும் ஏற்கெனவே வேலை இருக்கிறது, அவருக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஒருவர் புரட்டினால் எல்லோர் திரையும் சேர்ந்து புரளும் வசதியும் உண்டு. ஃபோர்ஸ்கோரில் கியூ என்ற பெயரில், மொபைல்ஷீட்ஸில் டேப்லெட்களை ஒன்றோடொன்று இணைப்பதன் மூலம். ஆராதனை நடத்துபவர் திட்டத்தில் இல்லாத பாட்டுக்குப் போகும்போது இது கைகொடுக்கும். ஆனால் பக்கத்தைப் புரட்டுவதற்கு இதை நம்ப வேண்டாம் என்பேன். பாடுபவருக்கு இரண்டு வரி முன்னால் திரும்ப வேண்டும், ஆர்கன்காரருக்குப் பக்கத்தின் கடைசிச் சுரம் வரை வாசித்த பிறகே திரும்ப வேண்டும். பாட்டை மாற்ற இணைப்பு, பக்கத்தை மாற்ற அவரவர் கை என்று பிரித்துக்கொண்டால் சண்டை இல்லை.

பாட்டு நூலகம் யார் பொறுப்பு

எனக்கு மிகவும் அக்கறையுள்ள பகுதி இது. ஆப் எதுவானாலும், மூலப் பிரதி ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அதைத் திருத்தும் உரிமை ஒருவருக்கு, அல்லது அதிகபட்சம் இருவருக்கு. மற்றவர்கள் தங்கள் டேப்லெட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் கிறுக்கிக்கொள்ளட்டும், அது அவர்களோடு நிற்கட்டும். ஒரு கார்ட் தவறு என்று பிராக்டிஸில் கண்டுபிடித்தால், பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும், அவர் மூலத்தில் திருத்தினால் எல்லோருக்கும் போய்ச் சேரும். தாளில் எட்டாவது ஃபோல்டருக்கு நேர்ந்த கதி டேப்லெட்டிலும் நேராமல் இருக்க இதைவிட வேறு வழி இல்லை.

அந்தப் பொறுப்பாளர் குழுவிலேயே நன்றாக வாசிப்பவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பொறுமையும் தட்டச்சும் தெரிந்த ஒருவர் போதும். அவர் ஊருக்குப் போனால் என்ன செய்வது என்பதற்காக, கடவுச்சொல் இன்னொருவரிடமும் இருக்கட்டும். சபைக் கணக்கு சபையின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். தனி ஆளின் மின்னஞ்சலில் தொடங்கினால், அவர் வேறு சபைக்குப் போகும் நாளில் நூலகமும் கூடவே போய்விடும். பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் கணினியை இயக்குபவருக்கும் அதே வரிசை, அதே சரண எண்கள் போய்ச் சேர வேண்டும், அவரும் குழுவில் ஒருவர்தான்.

உரிமை விஷயத்தையும் இவர்தான் பார்க்க வேண்டும். புத்தகம் ஒன்று வாங்கி, அதை ஸ்கேன் செய்து பத்து டேப்லெட்டில் போடுவது பத்துப் பிரதி எடுப்பதுதான். 1988-இல் தொடங்கிய சிசிஎல்ஐ என்ற அமைப்பு இதற்கான உரிமங்களைச் சபைகளுக்குத் தருகிறது. அதன் சாங்செலக்ட் சேவையில் கார்ட் தாள்களையும் லீட் ஷீட்டுகளையும் (மெட்டின் நொட்டேஷனும் கார்டும் உள்ள தாள்கள்) வேண்டிய ஸ்கேலில் முறையாகப் பதிவிறக்கலாம். அந்தப் பட்டியலில் இல்லாத பாட்டுகளுக்கு இயற்றியவரிடமோ வெளியிட்டவரிடமோ நேரடியாக அனுமதி கேளுங்கள். பழைய ஞானப்பாட்டுகள் பலவற்றுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்திருக்கும், ஆனால் அவற்றுக்கு இப்போது ஒருவர் புதிதாக எழுதிய இசையமைப்புக்கு உரிமை உண்டு. பாட்டு எழுதுகிறவர்களும் நம்மோடு ஆராதிப்பவர்களே, அவர்களுக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிட வேண்டும்.

சரி, எதை எடுப்பது?

கிட்டார், கீபோர்ட், பேஸ், டிரம்ஸ் என்று கார்ட் பார்த்து வாசிக்கும் குழு என்றால், மூன்றாவது வகையை எடுங்கள். எல்லாக் கருவியிலும் ஓடும் ஆப், அவரவர் கையில் உள்ள டேப்லெட், எழுத்துக் கோப்பு. சபையின் பணத்தில் வாங்குவதானால் ஒன்றிரண்டு டேப்லெட் மட்டும் வாங்கி, கருவி இல்லாதவர்களுக்குக் கொடுங்கள். டிரம்ஸ்காரருக்குப் பாட்டின் அமைப்பு மட்டும் தெரிந்தால் போதும், கைபேசித் திரைகூடப் போதும்.

பாடகர் குழுவும் ஆர்கனும் உள்ள, நொட்டேஷன் பார்த்துப் பாடும் சபை என்றால், எல்லோருக்கும் டேப்லெட் வாங்க அவசரப்பட வேண்டாம். ஆர்கன் வாசிப்பவருக்கும் குழு நடத்துனருக்கும் 13 அங்குலம், ஃபோர்ஸ்கோர் அல்லது மொபைல்ஷீட்ஸ், ஆளுக்கொரு பெடல். பாடகர்கள் தாளிலேயே தொடரட்டும், ஒரு பாட்டை வாரக்கணக்கில் பழகுகிறவர்களுக்குத் தாளும் பென்சிலும் நன்றாகவே பொருந்தும். இரண்டு வகை ஆராதனையும் உள்ள சபையில், இரண்டு குழுவுக்கும் ஒரே ஆப் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், பாட்டு எண்ணும் பெயரும் மட்டும் ஒன்றாக இருக்கப் பார்த்துக்கொண்டால் போதும். சுழற்சியில் பல குழுக்கள் உள்ள பெரிய சபை மட்டும் நான்காவது வகைக்குச் சந்தா கட்டலாம்.

டேப்லெட்டோடு ஸ்டாண்டையும் பாருங்கள். மடக்குகிற கம்பி ஸ்டாண்ட் தாளுக்கானது, 13 அங்குல டேப்லெட்டின் எடையில் சாயும். மைக் ஸ்டாண்டில் இறுக்கி மாட்டும் பிடிப்பான் பாதுகாப்பானது.

ஆராதனை நாளுக்கு முந்தின இரவே அன்றைய பாட்டுகளைக் கருவிக்குள் இறக்கிவிட வேண்டும், ஆலயத்தின் வைஃபையை நம்பி வரக்கூடாது. அன்றிரவு ஆப்பையோ டேப்லெட்டின் மென்பொருளையோ புதுப்பிக்கக்கூடாது. மேடையேறும் முன் திரை தானாக அணைவதை நிறுத்தி, திரை சுழல்வதைப் பூட்டி, அறிவிப்புகளை அடக்கி, விமானப் பயன்முறையில் போட்டு, பெடல் இருந்தால் புளூடூத்தை மட்டும் திரும்ப இயக்குங்கள். ஐபேடில் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங் போட்டுவிட்டால், கை தவறிப்பட்டாலும் பாட்டை விட்டு வெளியே போகாது.

இருநூறு பாட்டையும் ஒரே மூச்சில் ஏற்ற முயல வேண்டாம். கடந்த சில மாதங்களில் அதிகம் பாடிய நாற்பதை எடுத்து, ஒருவர் தட்டச்சு செய்ய, வாசித்துப் பார்க்கத் தெரிந்த இன்னொருவர் கருவியில் வாசித்தே ஒவ்வொன்றையும் சரிபார்க்கட்டும். முதல் மாதம் அன்றைய பாட்டுகளின் அச்சுப் பிரதி ஒரு தொகுப்பு கீபோர்ட் பக்கத்தில் இருக்கட்டும், யாருடைய சார்ஜ் தீர்ந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த நாற்பதும் எல்லோர் திரையிலும் சரியாகத் திறக்கிறது, ஸ்கேல் மாறுகிறது, தமிழ் உடையவில்லை என்று பிராக்டிஸில் பார்த்த பிறகு அடுத்த நாற்பதுக்குப் போங்கள்.